டிக்கெட் இல்லாத கோழிகள்

ஓடைக்கரைத் தெருவில் கொம்பையா கட்டிய கோழிக்கூட்டைப் பற்றிப் பேச வேண்டுமானால் முதலில் கொம்பையாவைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் அந்த மனுசனுக்குச் சந்தேகம் என்பது சோறு தண்ணி மாதிரி, ஒரு வேளை இல்லாவிட்டாலும் தலை சுற்றிவிடும். முப்பத்தோரு வருசம் பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் வேலை பார்த்து, நடுரோட்டில் கை காட்டி நிறுத்தி ஏறி, ஜன்னலோரம் தூங்குகிற மாதிரி நடிப்பவன் யார், நிஜமாகவே தூங்குகிறவன் யார் என்று கண்ணிமையை வைத்தே கண்டுபிடித்த ஆள் அவர். ஆளுக்கு ரிட்டயர்மெண்ட் கொடுத்தார்கள், அந்தக் கண்ணுக்கு யாரும் கொடுக்கவில்லை. கோயிலில் கொடுக்கும் திருநீற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவார். பெண்டாட்டி சீனியம்மாள் தூக்கத்தில் சிரித்தால் தட்டி எழுப்பி, "யார நெனச்சு சிரிச்ச?" என்று கேட்பார். அவள் பாவம், "ஒங்களத்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள், அதையும் அவர் நம்பமாட்டார்.

மகள் முத்துச்செல்விக்குத் தை மாசம் கல்யாணம் என்று முடிவானதும் சீனியம்மாள், மறுவீட்டு விருந்துக்கு வீட்டிலேயே நாட்டுக்கோழி வளர்க்க வேண்டும் என்றாள். "கடையில ஊதிப்போன கறிக்கோழிய வாங்கி மாப்பிள்ள வீட்டாருக்குப் போட்டா என் மூஞ்சில முழிப்பாகளா?" அது நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த வீட்டில் கோழி என்ற சொல்லைப் பன்னிரண்டு வருசமாக யாரும் எடுத்ததில்லை, எடுத்தால் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அய்யாத்துரையின் பேச்சும் சேர்ந்து வரும்.

அய்யாத்துரை சீனியம்மாளின் உடன்பிறந்த தம்பி. பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி ஒரு செவ்வாய்க்கிழமை சீனியம்மாளின் வரிக்கோழி காணாமல் போயிற்று. சாம்பல் நிறம், கழுத்தில் மட்டும் பொன்னைக் கரைத்து ஊற்றினாற்போல் ஒரு வளையம், இடது காலில் சிவப்புத் துணி கட்டி இரண்டு முடிச்சு. ஓடைக்கரைத் தெருவில் வீட்டுக்கு வீடு கோழிக்கு அடையாளம் உண்டு. ஒரு வீட்டில் கால்நகத்தை ஒட்டக் கிள்ளுவார்கள், ஒரு வீட்டில் இறக்கையில் மை பூசுவார்கள், ஒரு வீட்டில் நூல் கட்டுவார்கள். சிவப்புத் துணி, இரண்டு முடிச்சு என்றால் அது கொம்பையா வீட்டுக் கோழி. அன்றைக்குச் சாயந்திரம் டூட்டி முடிந்து வந்த கொம்பையா, கோழி அடையவில்லை என்று பெண்டாட்டி சொன்ன அதே நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கறிமசாலா கொதிக்கிற வாசத்தைப் பிடித்தார். அவ்வளவுதான், விசாரணை முடிந்துவிட்டது. "நாந் திங்கல மச்சான்" என்று அய்யாத்துரை ஒரே ஒரு தடவை சொன்னான். டிக்கெட் இல்லாதவன் எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்லுவான் என்று சொல்லிவிட்டு, மறுநாள் விடிந்ததும் பக்கத்து ஊர்க் காளி கோயிலுக்குப் போய், கல்லின் மேல் ஒரு நாணயத்தை வைத்து உளியால் இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டு வந்தார் கொம்பையா.

அந்த வட்டாரத்தில் காசு வெட்டிப் போட்டால் போட்டதுதான். பொருளைத் தின்றவன் குடும்பத்தைச் சாமி பார்த்துக்கொள்ளும் என்று அர்த்தம். அந்த வெட்டை இரண்டு வீட்டாரும் சேர்ந்து வந்து எடுக்கிறவரைக்கும் ஒரு வீட்டுத் தண்ணி இன்னொரு வீட்டில் படக்கூடாது, நல்லது கெட்டதில் முகம் காட்டக்கூடாது. அய்யாத்துரை மறுவாரம் பின்சுவரை இரண்டு வரிசை உயர்த்திக் கட்டினான். செல்வி பெரிய மனுசியானபோது பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டிய தாய்மாமன் சுவருக்கு அந்தப் பக்கம் பீடி குடித்துக்கொண்டு நின்றான், இந்தப் பக்கம் அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். நடுவில் இருந்தது ஒரு முழ அகலச் சுவர்தான்.

இப்போது செல்வி ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டாள். "மாமா கையப் பிடிச்சுத்தான் மணவறை ஏறுவேன். மாமா வரலைன்னா மணவறையும் வேணாம், பந்தலும் வேணாம், ரிஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்துப் போட்டுட்டு நானாப் போய்க்கிடுதேன்."

"வரட்டுமே. தின்னேன்னு ஒத்துக்கிட்டு வரட்டும். நானே மாலை போட்டுக் கூட்டிட்டு வாரேன்" என்றார் கொம்பையா. ஆக, தை மாசத்துக்குள் அய்யாத்துரை தின்றதை ஒத்துக்கொள்ள வேண்டும், அல்லது ஒற்றை மகளின் கல்யாணம் தாய்மாமன் இல்லாமல், பந்தல் இல்லாமல் போக வேண்டும். சீனியம்மாளுக்கு இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஆவணியில் கொம்பையா கூடு கட்ட ஆரம்பித்தார். கட்டினார் என்றா சொல்வது, கோட்டை எழுப்பினார். கீரி தோண்டி உள்ளே வருமே என்று சுற்றிலும் ஒன்றரை அடிக்கு வாய்க்கால் தோண்டி, அரை இஞ்சுக் கம்பிவலையை மண்ணுக்குள் இறக்கி, வெளிப்பக்கமாக மடித்துவிட்டு, மேலே சரளையைப் போட்டு இடித்தார். கூடு தரையில் இருந்தால் பாம்பு வரும் என்று இரண்டடிக் கல்தூண் நாலு நட்டு அதன்மேல் உட்கார வைத்தார், தூணில் எறும்பு ஏறுமே என்று ஒவ்வொரு தூணையும் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தினார். பழைய இரும்புக்கடையில் உடைத்துப் போட்டிருந்த ஒரு பஸ்ஸிலிருந்து சாமான் வாங்கி வந்தார். கதவுக்கு ஜன்னல் தகரம், கோழிகள் ஏறி உட்காரப் பயணிகள் பிடித்துக்கொண்டு நிற்கிற மேல்கம்பி, கூட்டிலிருந்து கீழே இறங்க ஃபுட்போர்டு. முட்டையிட மூன்று ஆப்பிள் பெட்டி, அதற்குள் வைக்கோல். செள்ளுப்பூச்சி பிடிக்காமல் இருக்க மரத்துக்கெல்லாம் வேப்பெண்ணெய் கலந்த சுண்ணாம்பு, கோழிகள் புரள ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கலந்த குழி, தீவனத்துக்கு நீளவாக்கில் அறுத்த பிளாஸ்டிக் குழாய். பகலில் மேய்வதற்கு வலை அடைப்பு ஒன்று, பருந்து பார்க்குமென்று அதற்கு மேலேயும் வலை. கதவுக்குக் கொண்டி ஒன்று, அதற்கு மேல் பூட்டு இரண்டு, சாவி அரைஞாண் கயிற்றில்.

"காத்தாவது உள்ள போகுமா?" என்று கேட்டாள் சீனியம்மாள்.

"போகும். ஆனா நான் பாத்துத்தான் போகும்."

ஆறு கோழி வாங்கி விட்டார்கள். காலையில் ஒரு எண்ணிக்கை, சாயந்திரம் ஒரு எண்ணிக்கை. பஸ்ஸில் தலையை எண்ணின மாதிரியே பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் எண்ணிக்கொண்டு வருவார். பத்து நாள் ஆறு ஆறாகவே இருந்தது. பதினோராம் நாள் காலையில் பூட்டு இரண்டையும் திறந்து, கொண்டியை நீக்கி, எண்ணினால் ஏழு. மேல்கம்பியின் கடைசியில், இடம் கிடைத்த சந்தோசத்தில், ஒரு வெள்ளைக் கோழி காலில் பச்சை நூலோடு உட்கார்ந்திருந்தது.

வலையைத் தடவிப் பார்த்தார். சரளையைக் கிளறிப் பார்த்தார். பூட்டை முகர்ந்து பார்த்தார், பூட்டு மேல் வேறு கை வாசம் அடிக்கிறதா என்று. ஒன்றுமில்லை. "கூடத்தான செய்யுது, கொறையலையே" என்று சீனியம்மாள் சமாதானம் சொன்னாள். "கொறஞ்சா அது திருட்டு. கூடுனா அது சதி" என்றார் கொம்பையா. நாளைக்கு எவனாவது வந்து என் கோழி உன் கூட்டில் என்று சொல்லித் தன் பேரில் காசு வெட்டிவிடுவான் என்று பயந்து, கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கி வீடு வீடாகக் காட்டினார்.

டீக்கடைத் தங்கப்பழம்தான் முதலில் பார்த்தான். பாலாடையை எடுத்த கையோடு வெளியே வந்து, "ஏ, எங்க வெள்ளச்சில்லா இது!" என்றான். பச்சை நூல் அவன் அம்மா சேலைக் கரையிலிருந்து உருவியது. ஒன்பது வருசத்துக்கு முந்தி தீபாவளிக்கு முதல்நாள் காணாமல் போனது. கொம்பையா கீழே விட்டதும் வெள்ளச்சி உடம்பை ஒரு தடவை உதறிவிட்டு, டீக்கடைக்குள் போகாமல், தெருவைக் குறுக்கே கடந்து, நாலு வீடு தள்ளி வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டு நின்ற சுப்புக்காளையின் குதிங்காலுக்குப் பின்னால் போய் நின்றது. அவர் உள்ளே போனால் உள்ளே போயிற்று. கடைக்குப் போனால் கடைக்குப் போயிற்று. அவர் கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்தினால் கதவுக்கு வெளியே நின்று, சத்தம் கூடப் போடாமல், ஒரு பக்கத்துக் கண்ணால் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் சுப்புக்காளை டீக்கடை வாசலில் வந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "பிள்ளைக கேட்டுச்சுய்யா. அன்னைக்குக் கையில ஒன்னுமில்ல. நான்தான் பிடிச்சு அடிச்சேன்" என்றார். வெள்ளச்சி அந்தக் கணமே திரும்பித் தங்கப்பழம் வீட்டுக்குப் போய், விறகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு முட்டை போட்டது.

தின்று தீர்த்த கோழி எப்படித் திரும்பி வரும் என்று ஓடைக்கரைத் தெருவில் ஒருத்தரும் கேட்கவில்லை, அதற்கெல்லாம் அவர்களுக்கு நேரமில்லை. அவர்கள் கேட்டதெல்லாம், அடுத்தது யார் வீட்டுக் கோழி, அது யார் பின்னால் போகும் என்பதுதான். ஒன்பது வருசமாகச் சம்பந்தி வீட்டைச் சந்தேகப்பட்டுத் தீபாவளிக்குப் பலகாரம் கூடக் கொடுத்தனுப்பாமல் இருந்த தங்கப்பழத்தின் அம்மா, ஒரு தூக்குச்சட்டி நிறைய அதிரசத்தோடு அன்றே பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. கீரி தூக்கினது வரவில்லை, சீக்கு வந்து செத்தது வரவில்லை, அடுத்தவன் வயிற்றுக்குள் போனது மட்டும் வந்தது. விடிந்ததும் கொம்பையா வீட்டுப் பின்வாசலில் கூட்டம் கூட ஆரம்பித்தது. கொம்பையா விடுவாரா? பழைய விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "தள்ளாதீக, வரிசையா வாங்க" என்று நிறுத்தி, கதவைத் திறந்து கோழி ஃபுட்போர்டில் இறங்குகிறபோது, கோழியைப் பார்க்காமல் மனிதர்கள் முகத்தைப் பார்த்தார். எவன் கண்ணை எடுக்கிறான், எவன் எச்சில் விழுங்குகிறான் என்று. வாழ்நாளில் அவ்வளவு சந்தோசமாக அவர் இருந்ததில்லை. தெரு முழுக்க ஒரே பஸ்ஸாகி, அதில் அவர் ஏறிவிட்ட மாதிரி இருந்தது.

தெருவில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளேயும் என்ன நடந்தது என்பது வேறு கதை. சாப்பிட உட்கார்ந்த புருசனிடம் பெண்டாட்டி, "எனக்கு மட்டும் சொல்லுங்க, எப்பவாவது தின்னிருக்கீகளா?" என்று கேட்டாள். கேட்கப்பட்டவன், "நீ ஒங்க அம்மா வீட்ல இருந்து கொண்டாந்தியே ஒரு கொழம்பு, அது யாரு கோழி?" என்று திருப்பிக் கேட்டான். ஒருவர் காலமில்லாத காலத்தில் மாலை போட்டுக்கொண்டு சாமியாகிவிட்டார், கோழி அவர் பின்னாலும் போய் பஜனையில் உட்கார்ந்தது. இன்னொருவர் திருப்பூரில் மகள் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று பையைத் தூக்கினார், கோழியும் பஸ் ஏற, கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டுக் கையில் கொடுத்தார். செத்துத் திரும்பிய கோழியின் முட்டையைத் தின்னலாமா என்று பூசாரியிடம் கேட்டார்கள், அவர் முட்டை முட்டைதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இரண்டு வாங்கிக்கொண்டார். திரும்பி வந்ததை மறுபடி அடித்துக் குழம்பு வைக்க மட்டும் ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.

இத்தனையிலும் அய்யாத்துரை ஒரு நாளும் பின்வாசலுக்கு வந்து பார்க்கவில்லை. அதுவே கொம்பையாவுக்குச் சாட்சி ஆயிற்று. "பாத்தியா? ஊரே வருது, ஒன் தம்பி வரல. ஏன் வரல?"

"நீங்க வெட்டிப் போட்ட காசு கெடக்கே, எப்படி வருவான்?" என்றாள் சீனியம்மாள்.

"வரிக்கோழி வரட்டும். அப்ப வருவான். பின்னாலயே கோழியோட வருவான்."

ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பேர் போட வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு அச்சடித்தார்கள், அந்த வெள்ளை இடத்தைப் பார்த்துச் செல்வி பத்திரிகையைக் கையால்கூடத் தொடவில்லை.

மார்கழி எட்டாம் தேதி காலையில் கூட்டைத் திறந்தால், மேல்கம்பியின் நடுவில், சாம்பல் நிறத்தில், கழுத்தில் பொன் வளையத்தோடு, இடது காலில் சிவப்புத் துணி இரண்டு முடிச்சோடு, வரிக்கோழி உட்கார்ந்திருந்தது.

சீனியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அழுதது சந்தோசத்தாலா பயத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை. கொம்பையா விசிலை ஊதின ஊதலில் தெருவே எழுந்து ஓடி வந்தது. "எல்லாரும் பாருங்க. பன்னெண்டு வருசம். நல்லாப் பாருங்க" என்று சொல்லி அடைப்பின் கதவை அகலமாகத் திறந்துவிட்டு, வழி விடுங்கள் வழி விடுங்கள் என்று பின்சுவர் வரைக்கும் ஆட்களை விலக்கி நிறுத்தினார்.

வரிக்கோழி ஃபுட்போர்டில் நிதானமாக இறங்கிற்று. உடம்பை உதறிற்று. சுவர்ப் பக்கம் ஒரு தடவை பார்த்தது. பிறகு திரும்பி நடந்து வந்து கொம்பையாவின் குதிங்காலுக்குப் பின்னால் நின்றது.

"வளத்த வீட்டுக்காரன் பாசம்" என்று சிரித்தார் கொம்பையா. ஒருத்தரும் சிரிக்கவில்லை. கோழியைத் தூக்கிச் சுவர் மேல் வைத்தார். குதித்து வந்து பின்னால் நின்றது. கக்கத்தில் இடுக்கித் தெருவைச் சுற்றிக்கொண்டுபோய் அய்யாத்துரை வீட்டு வாசலிலேயே விட்டார். வாசலில் நின்ற அய்யாத்துரையின் கால் பக்கத்தில் ஒரு அரிசிக் குருணையைப் பொறுக்கித் தின்றுவிட்டு, அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அது கொம்பையாவிடம் வந்து நின்றது. அய்யாத்துரை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தெரு கொம்பையாவைப் பார்த்தது. அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரியும், முப்பத்தோரு வருசம் அவர் பார்த்த பார்வைதான் அது, மற்றவர்கள் கண்ணிலிருந்து தன் மேல் விழுந்து இப்போதுதான் பார்க்கிறார்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டார், கோழி உள்ளே இருந்தது. அப்போது அவர் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி, எவனும் கேட்கமாட்டான். "ஏ சீனி, நீதான் எனக்குத் தெரியாம அடிச்சுக் கொழம்பு வச்சுப் போட்டுட்டியா?"

சீனியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எங் கூடப் பொறந்தவன் மூஞ்சிய பன்னெண்டு வருசம் பாக்காம இருந்தேன். ஒங்களுக்காக இருந்தேன். இப்ப என்னையவா கேக்கீக?" என்றாள். "ஒங்களுக்கு வாக்கப்பட்டதுக்கு நான் என்னத்தச் சொல்ல, தூ!" அதற்குப் பிறகு அவள் சோற்றை வைத்தாள், தண்ணியை வைத்தாள், பேச்சை மட்டும் வைக்கவில்லை. செல்வி அம்மாவின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மூன்று நாள் கோழி கூடவே திரிந்தது. நான் தின்னவில்லை, என் வீட்டில் அன்றைக்குப் புளிக்குழம்பு என்று கொம்பையா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நம்பாமல் தலையாட்டுவது எப்படி என்று அந்தத் தெருவுக்கு அவர்தான் கற்றுக் கொடுத்திருந்தார். நாலாம் நாள் மத்தியானம், காளியிடமே போய்க் கேட்டுவிடுவது என்று பஸ் ஏறினார். கோழியும் ஏறிற்று. உட்கார்ந்தார். அது சீட்டுக்கு அடியில் புகுந்துகொண்டு, தலையை மட்டும் அவர் இரண்டு காலுக்கும் நடுவில் வெளியே நீட்டிற்று.

கண்டக்டர் குனிந்து பார்த்து, "அண்ணாச்சி, கோழிக்கு டிக்கெட்?" என்றார்.

கொம்பையாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், இதே ரூட்டில், கடைசி சீட்டுக்கு அடியில் மூடி போட்ட கூடை. தெருத்தெருவாகக் கோழி பிடித்து வாங்கிச் சந்தைக்குக் கொண்டு போகிற ஒரு பொம்பளை. தனக்கு டிக்கெட் எடுத்திருந்தாள், கூடைக்கு எடுக்கவில்லை. கோழிக்கு டிக்கெட் எங்கே என்று இவர் போட்ட சத்தத்தில் அவள் அழுது, காலைப் பிடித்து, கடைசியில் கூடைக்குள் கையை விட்டு ஒரு கோழியை எடுத்துச் சாக்கில் போட்டு வாயைக் கட்டிக் கொடுத்தாள். சாக்கை அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. டெப்போ கேன்டீன்காரன் கையில் அப்படியே கொடுத்தார். மத்தியானம் நாலு பேர் உட்கார்ந்து தின்றார்கள். ஈரலை இவருக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். அந்தக் கூடை அன்று விடியக்காலையில் எந்தத் தெருவில் நிரம்பியது என்று, எதையும் விசாரிக்காமல் விடாத அந்த மனுசன், அன்றைக்கு மட்டும் விசாரிக்கவில்லை. பல்லைக் குத்திக்கொண்டே வீட்டுக்கு வந்துதான் மைத்துனன் வீட்டு வாசத்தைப் பிடித்திருக்கிறார்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கினார். இரண்டு மைல் வெயிலில் திரும்பி நடந்தார், பின்னாலேயே கோழி. தன் வீட்டு வாசலில் நிற்காமல் தெருவைச் சுற்றி அய்யாத்துரை வீட்டு முன்னால் போய் நின்றார். கூட்டம் தானாகக் கூடிற்று. சீனியம்மாளும் செல்வியும் வந்து ஓரமாக நின்றார்கள். டிக்கெட் எடுக்காதவனை நடுப்பஸ்ஸில் எழுப்பி நிறுத்தி, பேர் என்ன, ஊர் என்ன, என்ன செய்தாய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல் என்பார் கொம்பையா. எத்தனையோ பேர் அதில் கூனிக்குறுகிப் போயிருக்கிறார்கள். இப்போது அவரே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அப்படிச் சொன்னார்.

"பேரு கொம்பையா. ஊரு இதே ஊரு, ஓடைக்கரைத் தெரு. பஸ்ஸுல ஒரு பொம்பளைய மெரட்டி இந்தக் கோழிய வாங்கினேன். டெப்போவுல வச்சு நான்தான் தின்னேன். தின்னுட்டு வந்து இந்த வீட்டு மேல காசு வெட்டினேன்."

வரிக்கோழி அவர் காலை விட்டு நகர்ந்து, கூட்டத்துக்குள் நுழைந்து, சீனியம்மாள் சேலைக் கொசுவத்தைக் கொத்திற்று. அவள் அதைத் தூக்கி மாரோடு வைத்துக்கொண்டாள்.

அய்யாத்துரை வாசலில் நின்றான், தலை நரைத்திருந்தது. அவன் பெண்டாட்டி மாரிக்கனிதான் பேசினாள்.

"அண்ணே, அன்னைக்கு எங்க அடுப்புல என்ன கொதிச்சதுன்னு ஒரு வார்த்தை கேட்டீகளா? தீப்பெட்டி ஆபீசு மூடி மூணு மாசம். சின்னவ கோழி வேணும் கோழி வேணும்னு நாலு நாளா ஒரே அழுகை, அஞ்சு வயசு. நான் உருளக்கெழங்க வெட்டிப் போட்டுக் கறிமசாலாவ அரைச்சு ஊத்திக் கோழின்னு சொல்லி எறக்கி வச்சேன். அவ கரண்டிய வச்சுக்கிட்டு சட்டிக்குள்ள தொழாவித் தொழாவிப் பாக்கா, எம்மா, கோழி எங்கம்மான்னு. நீங்க அந்நேரம்தான் சொவருக்கு மேல எட்டிப் பாத்துச் சத்தம் போட்டீக."

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கொம்பையா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனுசன் அழுது அந்தத் தெரு பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தது. ஏங்கி ஏங்கி அழுதார், அதை ஒருத்தரும் சந்தேகப்படவில்லை.

"எந்திரிங்க மச்சான்" என்றான் அய்யாத்துரை கடைசியாக. "நாளைக்குக் காலையில போயி அந்த வெட்ட எடுப்போம். செல்வி எம் பிள்ள, நான்தான் கூட்டிட்டுப் போயி மணவறையில ஏத்துவேன். ஆனா நீங்க எங்க வீட்டுக்குள்ள மட்டும் இப்ப வராதீக. எனக்குக் கொஞ்ச நாளாகும்."

"மாமா" என்று செல்வி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சீனியம்மாள் கோழியோடு தம்பி வீட்டுக்குள் போனாள், புருசனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தை பிறந்தது. கூட்டில் அதற்குப் பிறகு எந்தக் கோழியும் கூடவில்லை, குறையவும் இல்லை. கல்யாணத்தன்று அய்யாத்துரை பட்டு வேட்டி கட்டி, மருமகளின் கையைப் பிடித்து மணவறை வரைக்கும் கூட்டி வந்தபோது தெருவே எழுந்து நின்று பார்த்தது. கொம்பையா கூட்டத்தோடு கூட்டமாக ஒரு தூணோரம் நின்றுகொண்டார், மொய் எழுதுகிற இடத்தில் போய் எட்டிப் பார்க்கவில்லை, சமையல்காரரிடம் எண்ணெய் டின் எத்தனை என்று கேட்கவில்லை.

மறுவீட்டு விருந்துக்கு ஆறு கோழியையும் அடித்தார்கள். வரிக்கோழியை யாரும் தொடவில்லை, அது சீனியம்மாளின் காலடியில் குருணை பொறுக்கிக்கொண்டிருந்தது. குழம்பு வாளியைக் கொம்பையா யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு பந்திக்கு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் இலையைத் தாண்டி, அய்யாத்துரை இலையைத் தாண்டி, மாரிக்கனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர்களுடைய சின்ன மகளின் இலைக்கு முன்னால் வந்து நின்றார். பதினேழு வயதுப் பெண், அம்மாவைப் போலவே மெலிந்த முகம். வாளியைத் துழாவித் துழாவி நல்ல துண்டமாகப் பார்த்து, ஈரலையும் சேர்த்துக் கரண்டி நிறைய அள்ளினார்.

அவள் இரண்டு கையையும் இலைக்கு மேல் வைத்து மறைத்துக்கொண்டு, கோபமில்லாமல், நல்லவிதமாகத்தான் சொன்னாள்.

"எனக்கு வேணாம் மாமா. நான் கோழி சாப்பிட மாட்டேன். யாராவது சத்தம் போடுவாகன்னு அம்மா அன்னையில இருந்து எங்க வீட்ல வைக்கிறதே இல்ல. எனக்குப் பழகல."

கொம்பையா கரண்டியைத் திரும்ப வாளிக்குள் விடவில்லை. அடுத்த இலைக்காரர் "இங்கிட்டு வாங்க அண்ணாச்சி" என்று கூப்பிட்டார். அவர் கால் நகரவில்லை.